மாட்டைக் கேட்காத அறிக்கை

உம்முடைய தங்கை நேற்றுக் கிளேட்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து ஒரு பிஸ்கற் தகரப் பேணியைத் தந்துவிட்டுப் போனா. யேமனிலிருந்து நீர் வெந்தயம் கொண்டுவந்த பேணி. மூடியைத் திறந்ததும் குசினி முழுக்க அந்த மணம். வெந்தயம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அடியில் நாலாய் மடித்த ஒரு தாள் கிடந்தது. நான் கிழித்துப் போடச் சொன்ன அதே தாள். செத்த பிறகும் என் சொல்லைக் கேட்கமாட்டீரா நீர்?

உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பயிர் ஆராய்ச்சிக்காரியான உம்மை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தார் யேமனின் இப் என்ற மாகாணத்துக்கு ஒரு விளைச்சல் காலம் அனுப்பினார்கள். அந்த வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்பியது அதுதான் முதல் தடவை. நீர் பெட்டியில் முதலில் வைத்தது குடையை.

"அரபு நாட்டுக்குக் குடையோ?" என்று நான் சிரித்தேன்.

அதற்குத் திரும்பி வந்து பழி வாங்கினீர். என் தட்டச்சு மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் மழைக்கதை. காலையில் வானம் வெளுத்திருக்குமாம், மத்தியானத்துக்குப் பிறகு இடி இடித்துக் கொட்டுமாம். மலை உச்சிவரை கற்சுவர் கட்டிப் படிப்படியாக வயலாம். மேல் வயல் நிரம்பினால் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்குமாம். பள்ளத்தில் கோப்பி, மேலே வெள்ளைச் சோளம். நான் அடித்துக்கொண்டிருந்த உமது அறிக்கையில் "பலத்த மழை" என்பதை "நல்ல மழை" ஆக்கச் சொன்னீர். மறுநாள் பழையபடி மாற்றச் சொன்னீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறிக்கையைப் பிரதி எடுக்க ஸ்டென்சில் எல்லாம் வெட்டி முடித்த வெள்ளிக்கிழமை, நனைந்த சப்பாத்தோடு வந்து நின்றீர். கையில் இன்னொரு பக்கம்.

அதுவரை என்னிடம் மூச்சு விடாத கதை அதில் இருந்தது. அங்கே கதிர் முற்றும்போது பெண்கள் சோளத்தின் அடி இலைகளை உரித்துக் காயவைத்து மாட்டுத் தீனிக்குச் சேர்ப்பார்கள். இலையை விட்டால் மணி பெருக்கும் என்று நீர் ஒரு வீட்டுக்காரியைத் தடுத்தீர். மணி கொஞ்சம் பெருத்தது உண்மை. அறிக்கையில் அதைத்தான் பெருமையாக எழுதியிருந்தீர். ஆனால் மழை நின்றதும் தீனி இல்லாமல், நீர் புறப்படுகிற வாரம் அவள் மாட்டை விற்றாள். உழவு, எரு, நெய் எல்லாம் அதோடு போயிற்று. "சோளத்தைக் கேட்டாய், மாட்டைக் கேட்டாயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம்.

"ஆட்டுக்கு இலை குழை ஒடிச்ச யாழ்ப்பாணத்துப் பிள்ளை நான். எனக்கு விளங்காமப் போச்சே" என்றீர்.

"விசரோ உமக்கு? முதல்முதலா ஒரு பொம்பிளையை அனுப்பினவை. பிழை விட்டனான் எண்டு நீரே எழுதிக் குடுத்தா, இன்னொருக்கா அனுப்புவினமோ?"

"அப்ப அந்த மனிசி?"

"அடுத்த முறை போய் மன்னிப்புக் கேளும். இதைக் கிழிச்சுப் போடும்."

தாளை நாலாய் மடித்தீர். பிறகு "ஓம், விடும்" என்று திரும்பிப் போனீர்.

நான் சொன்னபடியே இரண்டாம் முறையும் அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டீர். "அவள் இன்னும் மாடு வாங்கவில்லை. நான் இப்போது ஒருவரையும் இலை உரிக்க வேண்டாமென்று தடுப்பதில்லை. எங்கள் அறிக்கைதான் தடுத்துக்கொண்டிருக்கிறது." வாசித்து எரிச்சல்பட்டு, பதில் போடாமல் விட்டேன். திரும்பி வந்த அந்தக் குளிர்காலமே நீர் நோயில் விழுந்து போய்விட்டீர். ஆஸ்பத்திரியில்கூட அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் சண்டையாவது பிடித்திருப்பேன்.

அடுத்த மாதம் இங்கிருந்து இன்னொருத்தி இப் மாகாணத்துக்குப் போகிறாள். உமது அறிக்கையை என்னிடம் வாங்கத் திங்கட்கிழமை வருகிறாள். குடை கொண்டுபோகச் சொல்லிவிட்டேன், சிரித்தாள்.

உம்மில் எனக்குக் கோபம் தீரவில்லை. என்னில் அதைவிடக் கோபம். இன்று காலை அந்தத் தாளை விரித்து வைத்து அடித்தேன். உமது சொல் ஒன்றையும் மாற்றவில்லை, அதிலும் நீர் எழுதியிருந்த "நல்ல மழை" உட்பட. அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இந்தப் பக்கம் இத்தனை வருடம் அறிக்கையில் வராமல் போனதற்குக் காரணம், இதைத் தட்டச்சு செய்தவள்."