முழங்கை மடங்கட்டும்

யூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். வீட்டிலிருந்தே வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகள் ஆரணியின் வெள்ளைக் காற்சட்டையில் புல்லுக்கறையை உரசிக் கழுவினேன். மண்ணில் விழுந்து புரளும் விளையாட்டுக்கு வெள்ளை உடுப்பு என்று முடிவெடுத்தவர் ஒருநாளும் உடுப்புத் தோய்த்திருக்க மாட்டார்.

நேற்று பேஸ்போல் மட்ச் முடிந்ததும் கோச் சொன்னது: வரும் சனி ஆரணி பிட்ச் பண்ணுவாள், அடிக்கிறவர்களுக்குப் பந்து எறிகிற ஆள் அவள்தான். ஒரு இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட் ஆகும்வரை. சரியாக எறிந்தால் கோடை முழுக்க அவளும் ஒரு பிட்சர். இல்லாவிட்டால் பழையபடி மைதானத்தின் கடைசி மூலை. அங்கே பந்தே வராது. போன மாதம் முழுக்க அங்கே நின்று மஞ்சள் பூப் பிடுங்கினாள்.

பத்து வயது. போன வருடம் வரை இந்தப் பிள்ளைகளுக்குக் கோச்மாரே பந்து போட்டார்கள். இந்த வருடம்தான் பிள்ளைகள் தாங்களே எறிகிறார்கள். யாருடைய பந்தும் நேரே போவதில்லை. ஆரணியினுடையதும்தான்.

சொன்னதிலிருந்து அவள் நடப்பதில்லை, துள்ளல்தான். பல் தீட்டும்போதும் பிட்சர்போல் இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

என் பயங்கள்:
– அடித்த பந்து திரும்பி அவள் முகத்துக்கு வரும்
– அவள் பந்து வேறு பிள்ளைமேல் படும்
– எல்லார் முன்னாலும் அழுவாள்
– நான் அழுவேன்

யூன் 3, செவ்வாய்

நல்ல வெயில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பயிற்சி. ஆரணியின் முதல் பந்து, பிடிக்க இருந்த பையனுக்கு மேலால் போய், அவனுக்குப் பின்னால் இருந்த வேலிக்கும் மேலால் போய், யாரோ ஒருவருடைய காருக்குக் கீழே. இரண்டாவதும் அப்படியே.

கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்டார். செய்தும் காட்டினார்: தடிபோல் நீட்டிய கை, வண்டிச் சில்லுப்போல் முழுச் சுற்று.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுதன்.

என் மனுசன் ஞாயிறுகளில் பழைய மாணவர் ரீமுக்குப் பந்து போடுகிறவர். ஆரணிக்கு நாலு வயதிலிருந்தே இவரோடு கிரிக்கெற். முழங்கை மடங்கினால் அங்கே குற்றம். மடக்காவிட்டால் இங்கே பந்து நேரே போகாது. ஆறு வருடமாக மகளை அத்தனை ஒழுங்காக வளர்த்திருக்கிறார்.

பிறகு பற்றிங். ஒரு பந்து காலடியில் குத்தி எழும்பி வந்தது. மற்றப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். இவள் குனிந்து விளாசினாள். அருமையான அடி. பிறகு, இங்கே போட்டுவிட்டு ஓட வேண்டிய பற்றையும் கிரிக்கெற்போலக் கையில் பிடித்துக்கொண்டே முதல் பேஸுக்கு ஓடினாள். கோச் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது.

யூன் 4, புதன்

சுதனுக்கு இந்த வாரம் விட்பியில் பின்னேர ஷிப்ற் வேலை. காலைத் தேத்தண்ணியோடுதான் பிடிக்க முடிந்தது.

"கையை மடக்கச் சொல்லினமோ?" பிள்ளையைக் களவெடுக்கச் சொன்னதுபோல் கேட்டார்.

"ஓம். அப்பதான் நேர போகுமாம்."

"மடக்கி எறியிறது மாங்காய்க்கு எறியிறதப்பா. உதைச் செய்யாதை எண்டுதானே இவ்வளவு நாளும் பழக்கினனான்."

"அதுதானப்பா இப்ப பிரச்சினை."

பாணைக் கடித்தபடி யோசித்தார். "நான் சொன்னா அவள் குழம்பிப்போவாள். நீர் பழக்கும்."

"நானோ? எனக்குப் பந்தைக் கண்டாலே கண் மூடிப்போடும்."

"அப்ப நல்லது. பிள்ளையின்ர பிழை ஒண்டும் தெரியாது."

பின்னேரம் கோச் சொல்லித்தந்த துவாய்ப் பயிற்சி. துவாயின் ஒரு நுனியைப் பிடித்து, முழங்கையை மடக்கி, முன்னால் இருக்கிற சோபாவில் சுள்ளென்று அடிக்க வேண்டும். துவாய் கிடைக்கவில்லை. என் குசினித் துணி. வீடெல்லாம் வெங்காய மணம். சோபாவுக்கு நல்ல அடி. நானும் எடுத்து அடித்துப் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமான வேலை என்று யாரும் சொல்லவில்லை.

யூன் 5, வியாழன்

மிசிசாகா ஒபிசுக்குப் போகும் நாள். திரும்பி வர ட்ரஃபிக்கில் உயிர் போனது. வந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் ஆரணியோடு பயிற்சி. பந்து பிடிக்கிற ஆள் நான். சைக்கிள் ஹெல்மெற், இரவல் கையுறை, நெஞ்சுக்குக் காவலாக வின்ரர் ஜக்கெற்.

இரண்டாம் மாடி பல்கனியில் யோகா அன்ரி. "என்ன பிள்ளை, ஸ்னோ கொட்டப்போகுதாமோ?"

"பேஸ்போல் அன்ரி."

"அடியே ஆரணி, கொம்மாவின்ர பல்லுக் கவனம். அவளுக்கு வாய்தானே எல்லாம்."

ஆரணி ஒற்றை முழங்காலில் நின்று எறிய வேண்டும். அப்படி நின்றால் கையால் சில்லுச் சுற்ற முடியாது, மடங்கித்தான் ஆக வேண்டும். கோச்சின் யோசனை.

"அம்மா, ஓப்பின் யுவர் ஐஸ்."

"திறந்துதான் இருக்கு."

"நோ, இட்ஸ் நொட். நான் பாக்கிறன்."

பல பந்து குப்பைத் தொட்டியில் பட்டது. ஒன்று யாரோ ஒருவருடைய வான் வண்டியில் (அடையாளம் இல்லை, இரண்டு தரம் தடவிப் பார்த்தேன்). பிறகு ஒன்று. நான் கையை அசைக்கவேயில்லை. வந்து கையுறைக்குள் தானாக இருந்தது. 'டப்' என்ற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. உள்ளங்கை சுட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அகெய்ன்?" என்றாள்.

"அகெய்ன்."

யூன் 6, வெள்ளி

முகில். மட்சுக்கு முதல்நாள் எறியக் கூடாது, சின்னக் கை களைத்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பந்து எறிகிறது என்று எண்ண மட்சிலும் ஒருவர் இருக்கிறார். இந்த நாட்டில் என்னைவிடப் பயந்தவர்களும் உண்டு. நிம்மதி.

பால், கத்தரிக்காய், ஆரணிக்கு நீளக் காலுறை. சுதன் நாளைக்கு லீவு எடுத்துவிட்டார்.

என் வலத் தோள் ஏனோ நோகிறது. எறிந்தது அவள்.

யூன் 7, சனி

காற்று. மூன்றாவது இன்னிங்ஸுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த மண்மேட்டில் நின்றபோது எவ்வளவு சின்னப் பிள்ளை.

நாலு பந்து வெளியே போனால் எதிராளி அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கலாம். முதல் பிள்ளை நடந்தது. இரண்டாவது பையனுக்கு முதுகில் பட்டது. ஆரணி மேட்டை விட்டு ஓடிப் போய் அவன் முதுகைத் தடவினாள். அம்பயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டு முதல் பேஸுக்குப் போனான்.

அதோடு அவளுக்குப் பழைய கை திரும்பிவிட்டது. நீட்டிய கை, சில்லு. பந்துகள் பிடிப்பவனைத் தாண்டிப் போக, ஒரு பிள்ளை கடைசிப் பேஸ்வரை ஓடி ஓட்டம் எடுத்துவிட்டது. கோச் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சுதன் எழும்பிப் போய் வேலிக் கம்பியைப் பிடித்தார்.

"மடக்கு பிள்ளை! முழங்கையை மடக்கு!"

எதிர் ரீம் பிள்ளை ஒன்றின் தகப்பன், தமிழர், பின்னாலிருந்து: "அண்ணை, கள்ள எறி எறியச் சொல்லுறியள். அம்பயர் பாக்கிறார்."

"இஞ்சை எறியலாம் தம்பி. நானே விசாரிச்சிட்டன்."

ஆரணி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கையை மடக்கிக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பந்து நேரே. அதற்கடுத்ததும். அடிக்க நின்ற பையன் மூன்று தரம் வீசியும் படவில்லை, அவுட். அடுத்தவனுக்கும் அதே கதி. கடைசி ஆள், என் உயரம் ஒரு பையன், அடித்த பந்து நேராக அவளுக்கு.

கண் மூடிப்போச்சு.

திறந்தபோது முழு ரீமும் அவள்மேல்.

"என்னப்பா நடந்தது?"

"நீர் பாக்கேல்லையோ?" சுதன் இன்னும் வேலிக் கம்பியை விடவில்லை. "பிடிச்சிட்டாள். நெஞ்சுக்கு நேர வந்ததை."

ஒரு ஓட்டத்தால் தோற்றோம். அவள் விட்ட அந்த ஓட்டம்தான். கோச் 'நாளைக்கு மெசேஜ் போடுகிறேன்' என்று மட்டும் சொன்னார். வீடு வரும் வழியெல்லாம், சிவப்பு விளக்குக்கு விளக்கு, சுதன் அந்தப் பிடியை எனக்கு நடித்துக் காட்டினார்.

யூன் 8, ஞாயிறு

வெக்கை. மெசேஜ் இல்லை. கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு போனைத் தடவினேன். சோறு வடிக்கும்போது பார்த்தேன். அந்த ஒரு ஓட்டத்தை மறக்க மாட்டாரோ. நடந்த பிள்ளையை, முதுகில் பட்டதை. ஆரணிக்கு எப்படிச் சொல்வது என்று வசனங்கள்கூட யோசித்து வைத்தேன். அடுத்த வருசம் இருக்கு, பிள்ளை. எல்லாருக்கும் ஒருநாள் அப்பிடித்தான், பிள்ளை.

இப்போதுதான் வந்தது. அடுத்த சனி முதல் இன்னிங்ஸே ஆரணி.

ஓடிப் போனேன். கட்டிலில் தலைகீழாகக் கிடந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"ஐ நோ," என்றாள்.

"எப்பிடி? கோச் சொன்னவரோ?"

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நோ. நான் நல்லா எறிஞ்சனான்தானே, அம்மா."