கடன் என் பேரில்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதினீர்கள். மருத்துவரிடம் போனீர்களா, இல்லையா?

என் நகையை விற்று வாங்கிய கட்டடத்தில் கீழ் வீடு இரண்டுக்கும் மறுபடி ஆள் வந்தாயிற்று. ஒன்றில் நர்ஸ் அக்கா, இன்னொன்றில் சைக்கிள் கடைக்காரர் குடும்பம். நான் பின்பக்க அறையில். மாடி வீடுதான் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

“சார் எங்க வேலை பாக்குறாரு?” என்று கேட்டார் குமாஸ்தா.

“அவர் வெளிநாட்டுல. கடன் எனக்கு.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“வீடு வாடகைக்கு விடுறேன்.”

‘இல்லத்தரசி’ என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம்! “அதை அடிங்க. சுயதொழில்னு எழுதுங்க” என்றேன்.

“இதெல்லாம் ஒரு தொழிலாம்மா?”

“குழாய் உடைஞ்சா நான்தான் ஓடறேன். வருஷா வருஷம் வரி கட்டறேன். தொழில் இல்லேன்னா வரி எதுக்கு வாங்குறாங்க?”

பக்கத்து மேசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். குமாஸ்தா உம்மென்று அதை அடித்துவிட்டு ‘சுயதொழில்’ என்று எழுதினார். கடன் கிடைக்குமா, தெரியவில்லை.

உங்கள்
ராங்கிக்காரி

மார்ச் 21

அன்புள்ள ராங்கிக்காரிக்கு,

இருமல் போய்விட்டது. குமாஸ்தாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் இந்தத் தலைவலி உனக்கு எதற்கு? என் நண்பன் கட்டடத்தை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். குடியிருப்பவர்கள் காலி செய்தால் போதும். சரி என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதுவரை வாடகையை ரொக்கமாக வாங்கு, ரசீது வேண்டாம். வரியாவது மிச்சம்.

பிறகு இங்கே வந்துவிடு. என் சம்பளம் நமக்குப் போதாதா? வேலை முடிந்து வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கிறதம்மா.

அன்புடன்,
உன் அத்தான்

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நர்ஸ் அக்கா கால் கடுக்க வேலை பார்த்துவிட்டு வந்து கண்ணயரும்போது, காலி செய்யுங்கள் என்று கதவைத் தட்ட மாட்டேன். ரசீதில்லாமல் வாடகை வாங்கவும் மாட்டேன். ஒழுங்காக வரி கட்டிய கணக்கைக் காட்டித்தான் கடன் வாங்கியிருக்கிறேன். ஆமாம், கிடைத்துவிட்டது! மாதச் சம்பளக்காரர்களைவிட எனக்கு வட்டி அதிகம். இருக்கட்டும். கடன் என் பேரில், கட்டப்போவதும் நான்.

போன தடவை அங்கே வந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்ததைத் தவிர என்ன செய்தேன்? மறுபடி அப்படி உட்கார என்னால் ஆகாது.

உங்கள்
ராங்கிக்காரி

மே 2

நண்பனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் மானம் போயிற்று. ஒன்று மட்டும் சொல். உனக்கு நான் வேண்டுமா, கட்டடம் வேண்டுமா?

மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டும் வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

மாடி வேலை முடிந்தது. நேற்று கொட்டித் தீர்த்த மழையில் நானும் நர்ஸ் அக்காவும் மேலே போய் நின்று பார்த்தோம். தரையில் ஒரு சொட்டு இல்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மாடி வீட்டைப் பலர் வந்து கேட்கிறார்கள். ஜூன் கடைசிவரை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. உங்களுக்கு இங்கேயும் வேலை கிடைக்கும். வந்தால் நாம் இருவரும் அதில் குடியிருப்போம். வராவிட்டால் ஜூலை முதல் தேதி ஒரு தையற்காரர் குடிவருகிறார். முன்பணத்தோடு காத்திருக்கிறார். எனக்குத் தவணை கட்ட வேண்டும், அத்தான்.

வருவதானால் விமானம் இறங்கி நீங்கள் ஏறும் ரயிலின் நேரத்தை எழுதுங்கள். நிலையத்துக்கு நானே வருகிறேன்.

உங்கள்
ராங்கிக்காரி