எதிரெதிர் ஷிஃப்ட்

கலாமா, செப்டம்பர் 9

அன்புள்ள ரெனாத்தோ,

சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். போன தடவை வானாய்வகத்து மலைப் பாதையில் நம் பஸ்கள் எதிரெதிரே கடந்தபோது கையாட்டினேன். நீ ஜன்னல் பக்கமே உட்காரவில்லை. தூக்கமா, கோபமா?

நம் பெண் ரயேனோடு எப்போதும் ஒருவராவது இருக்கட்டும் என்று எதிரெதிர் ஷிஃப்ட் வாங்கினோம். ஐந்து வருஷமாக இந்தச் சாப்பாட்டு மேசைதான் நமக்குத் தபால் பெட்டி. எனக்கு அலுத்துவிட்டது. உன் ஷிஃப்டுக்கே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாம் மேலே ஆய்வகத்தில் இருக்கும் வாரம் குழந்தையை என் அக்கா பார்த்துக்கொள்வாள். நீ சம்மதித்தால் அக்டோபரிலிருந்து ஒரே பஸ்.

வானத்தில் நம் இளம் நட்சத்திர ஜோடியைப் போன ஷிஃப்டிலும் தொலைநோக்கியில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே தூசியே இல்லை. எங்கே போயிற்று?

உன் சிமேனா

கலாமா, செப்டம்பர் 16

அன்புள்ள சிமேனா,

தூக்கம்தான். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வேலை பார்த்தவன் ஜன்னலையா பார்ப்பான்?

அந்த நட்சத்திரங்கள் இரண்டும் ரொம்ப நெருக்கம். ஒன்றின் இழுப்பு மற்றதைச் சுற்றியுள்ள தூசித் தட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வந்து விழுகிற கொஞ்சநஞ்சத் தூசியும் நட்சத்திரங்களுக்கே சரி. கிரகம் திரள எதுவும் மிஞ்சாது. அதே மேகத்தில் தள்ளித் தள்ளிப் பிறந்த இன்னொரு ஜோடியைப் பார். ஆளுக்கொரு தட்டு, முழுசாக இருக்கிறது. கிரகங்கள் திரளத் தொடங்கிய அடையாளம்கூடத் தெரிகிறது.

எனக்கும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. பதினெட்டாம் தேதி தேசியத் திருநாளுக்கு இரண்டு நாள் லீவில் இறங்கி வருகிறேன். மூன்று பேரும் சேர்ந்து இருந்து பார்ப்போம். பிறகு சம்மதம் சொல்கிறேன்.

ரெனாத்தோ

கலாமா, செப்டம்பர் 23

ரெனாத்தோ,

சண்டை போடாமல் இரண்டு நாள் கழித்துவிட்டோம். இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாடாவில் உப்பு அதிகம் என்று நீ சொல்லவில்லை. பட்டம் விட நீ தாமதமாக வந்ததை நானும் சொல்லவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்த விருந்தாளிகள் போல நடந்துகொண்டோம்.

நேற்று ரயேனிடம் கேட்டேன். "இனிமே எப்பவும் மூணு பேரும்தான். சந்தோஷமா?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ மட்டும் இருந்தா நான் தூங்கிடுவேன்மா. அப்பா மட்டும் இருந்தாலும் தூங்கிடுவேன். ரெண்டு பேரும் இருந்தா யார் குரல் எப்ப மாறும்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும்."

"இந்தத் தடவை சண்டையே போடலையேடி!"

"அதான் இன்னும் பயமா இருந்துச்சு."

பத்து வயசுப் பெண், ரெனாத்தோ. குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஷிஃப்ட் மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு ஆசை, இன்றைக்கும் ஆசைதான். ஆனாலும் இனி பண்டிகைக்குக்கூட நாம் சேர்ந்து இறங்க வேண்டாம். கிறிஸ்துமஸா, புத்தாண்டா, ரயேனோடு இருக்க எது வேண்டும் உனக்கு? நீயே முதலில் சொல்.

தள்ளிப் பிறந்த ஜோடியின் அளவுகளைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். அதை இங்கே எழுதவே கை வரவில்லை.

சிமேனா

கலாமா, செப்டம்பர் 30

சிமேனா,

நான்கு தடவை படித்தேன். உன்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை.

ரயேன் இந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினாள். ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸை நீ எடுத்துக்கொள்.

ரெனாத்தோ