பஸ் ஸ்டாண்டு வானத்தில் பிள்ளையார் சுழி

என் பிரியமான அண்ணிக்கு,

அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டா? இங்கே வந்தது. நீங்கள் போன பிறகு பூட்டியே கிடந்த உங்கள் மாடி அறையைப் போன ஞாயிறு திறந்தோம். ஒரே ஒரு ஓவிய வகுப்புக்கு என்றுதான் அண்ணன் சாவி கொடுத்தார். அன்று மதியமே அறையைக் காலி செய்து கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத அறை எதற்கு என்று கேட்டார். நியாயம்தான், ஆனால் எனக்கு வந்ததென்னவோ கோபம்.

நானே சொல்லித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். உங்களிடம் இத்தனை நாள் படித்தும் ஒரு வாழை மரத்தை ஒழுங்காக வரையத் தெரியாதவள்தான். ஆனாலும் இந்த ஒரு வகுப்பு நன்றாக நடந்தால் அண்ணன் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை.

உங்கள் மாணவர்களில் பொன்னி வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். கண்டக்டர் முருகேசன் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். தையல் கடை அக்காக்கள் இருவரும் வந்தார்கள். நீங்கள் சொல்லித் தராமல் விட்டுப்போன பாடத்தையே எடுத்தேன். மழை விட்ட ராத்திரியில் நம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. காலை பத்து மணிக்கு ராத்திரி வரைகிறோமே என்று முருகேசன் கிண்டல் செய்தார்.

பொன்னி எடுத்ததுமே கறுப்பு ட்யூபைத் திறந்தாள். அவர்கள் கல்வராயன் மலையில் ராத்திரி என்றால் கறுப்புதானாம். கருநீலத்தில் கொஞ்சம் பழுப்பைக் கலக்கச் சொன்னேன். விளக்கு வரும் இடத்தில் காகிதத்தை வெள்ளையாக விட்டு, சுற்றி மஞ்சளை நனைத்துப் பரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகே நீலத்தைத் தொட வேண்டும் என்றேன். நீங்கள் பேசுவது மாதிரியே இருந்தது, எனக்கே ஆச்சரியம்.

பெருமை அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. நீங்கள் எப்போதும் காகிதத்தைக் கவிழ்த்துத்தானே கொடுப்பீர்கள்? பென்சிலால் பிள்ளையார் சுழி போடுவோம், அப்புறம் திருப்பி வரைவோம். ஏன் கவிழ்த்துக் கொடுத்தீர்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் நேராகவே நீட்டினேன். வெள்ளைத் தாளைக் கண்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் உச்சியில் அழுத்தி ஒரு சுழி போட்டார்கள், நான் உட்பட. ஈரமாக இருந்தவரை தெரியவில்லை. நீலம் காய்ந்து வெளிறியதும் வானத்துக்கு நடுவில் சுழி பளபளவென்று நின்றது. ரப்பர் போட்டுத் தேய்த்தால் போகவில்லை. முருகேசன் தேய்த்ததில் காகிதமே கிழிந்தது.

அந்த நேரம் பார்த்தா அண்ணன் வர வேண்டும்? பலகைகளை ஏற்றிப்போக ஆட்டோவோடு வந்திருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்தார்.

"இன்னா வசந்தி, எல்லா வானத்துலயும் பிள்ளையாரு எழுந்துக்கினு இருக்காரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார், அண்ணி. நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவே இல்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் தாங்கவில்லை.

"அவ இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பா?"

"வேற காயிதம் எடுங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"அப்ப எடு. எனக்கும் ஒண்ணு குடு."

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பொறுமை கம்மி என்பதை நான் உங்களுக்கா சொல்ல வேண்டும்? மஞ்சள் காயும்வரை இருங்கள் என்றேன், கேட்கவில்லை. நீலத்தை அள்ளி விட்டார். இரண்டும் கலந்து பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பச்சையாகிவிட்டது. பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் காகிதத்தைத் தூக்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது கல்வராயன் மலைன்னு வச்சிக்க. பஸ் ஸ்டாண்ட அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவரைத் திட்டாமல் சொல்லிக் கொடுக்கிறேன், அண்ணி. ரொம்பச் சிரமம்தான், ஆனாலும் இது சத்தியம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
வசந்தி