பதினேழாம் நாள் வந்த பெரிய டிவி

என் அன்பான பரிமளா அப்பாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அன்பு இல்லாத இடத்தில் இவ்வளவு கோபம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததால் நமக்குள் கடிதம் எழுதும் வேலையே வந்ததில்லை. இப்போது கேட்க வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நம் மகள் மட்டும் பெண்ணாடத்துக்குத் திரும்பாமல் என்னோடு இருந்தாள். வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். நம் வாசக்கால் அகலத்துக்கு இருந்தது அது.

"ஐயா இருக்காருங்களா? டிவி வந்திருக்குது" என்று வண்டிக்காரர் உங்கள் பெயரைச் சொன்னார்.

பரிமளா விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. நல்ல மனுஷனாச்சே. பெட்டி மெட்ராஸ்லேருந்து வர லேட்டாயிடுச்சிங்க. அவரே எல்லாம் கட்டி முடிச்சிட்டாரு." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அன்னிக்கு அவரோட கடைக்கு வந்தவங்க நீங்க இல்லியே? அவங்க சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாங்களே."

யார் அவள்? டிவி உள்ளே வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அரசாங்கம் கொடுத்த சின்ன டிவி நம்மிடம் இருந்ததே. அதையே நீங்கள் முழுசாகப் பார்த்ததில்லை. செராமிக் கம்பெனியில் சூளை வேலை முடித்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே கீழே ஓடுகிற எழுத்தை வாய்விட்டுப் படிப்பீர்கள். செய்தியோ விளம்பரமோ எதையும் விடமாட்டீர்கள். அப்புறம் படுத்துவிடுவீர்கள். அப்படிப்பட்ட மனுஷர் நாற்பத்திரண்டு இஞ்ச் டிவியை யாருக்காக வாங்கினார்?

மாட்டுவதற்கு ஆள் வந்து சுவரில் துளை போட்டபோது காரை பெயர்ந்து ஒரு கூடை மண் கொட்டியது. சிமென்ட் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகுதான் மாட்டினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே சுவரைப் பார்த்தார்கள். "எத்தினி இஞ்ச்சு இது?" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். அவர்கள் போனதும் அணைத்துவைத்த அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது. நான்தான். ஆனால் எனக்கு அவளாகத் தோன்றியது. பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து டிவியைப் போர்த்திவிட்டேன்.

நாலு மாதம் அது அப்படியே கிடந்தது. நாலு மாதமும் நான் உங்களைத் துருவினேன். உங்கள் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். உங்கள் செல்போனைப் பரிமளாவிடம் கொடுத்து, அதில் இருக்கிற பேரையெல்லாம் படிக்கச் சொன்னேன்.

"எதுக்கும்மா?"

"யாருக்காச்சும் தகவல் சொல்லாம வுட்டிருப்போம்" என்று பொய் சொன்னேன். பெண் பெயர் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, யாரது, எந்த ஊரு என்று கேட்டேன். அவள் ஒரு கட்டத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அதற்கப்புறம் அவளிடம் கேட்கவில்லை.

மகள் ஊருக்குப் போன பிறகு நானே ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். டிவி விற்கும் ஆளுக்கு உங்களை நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஐயா அந்தம்மாவ சேர் போட்டு உக்கார வெச்சாருங்க. கண்ணாடிய கழட்டச் சொன்னாரு. ஒவ்வொரு டிவியா போடச் சொல்லி, 'இப்ப தெரியுதா? கண்ணு நோவுதா?'ன்னு பக்கத்துலயே நின்னு கேட்டாரு. அவங்க எதுக்குத் தலையாட்டுனாங்களோ அததான் எடுத்தாரு. நாங்ககூட என்னா பொறுமைன்னு பேசிக்கிட்டோம்."

கண்ணு நோவுதா. என்னிடம் அப்படி ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? எந்த ஊர்ப் பொம்பளை என்று கேட்டேன். தெரியாது, ஆனால் சேலைக்கு மேலே நீலக் கோட்டு போட்டிருந்தார், கையெல்லாம் வெள்ளைத் தூசு என்றார். அப்படியென்றால் உங்கள் கம்பெனிதான்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சங்கு ஊதியதும் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முகம் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அவளேதான் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க சூளை அண்ணன் வூட்டுக்காரம்மாதானே? நான் தனம். ஃப்யூஸ் கட்டை அடுக்கற எடத்துல இருக்கேன். சாவுக்கு வந்திருந்தேன், அன்னிக்கு நீங்க மயக்கமா கெடந்தீங்க."

"எங்க வூட்டுக்காரரோட டிவி கடைக்குப் போனியா?" என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"போனேங்க்கா."

"எதுக்கு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. ஆனாலும் கோபப்படாமல் என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்களுக்காகத்தாங்க்கா. கண்ணாடி இல்லன்னா எனக்கு எல்லாமே மங்கலாத்தான் இருக்கும். அது அண்ணனுக்குத் தெரியும். 'தனம், எங்க வூட்ல பார்வை மங்கிக்கிட்டே போவுது. அரிசில கல்லு தெரியல. நான் வாசல்ல நின்னாக்கூட யாருன்னு கேக்குறா. ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தா ரெண்டு நாளு சோறு திங்க மாட்டா. நீ வந்து கண்ணாடிய கழட்டிட்டு எந்த டிவில எழுத்து தெரியுதுன்னு பாத்துச் சொல்லும்மா'ன்னாரு."

மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்தேனே. என் அம்மாவுக்குக் கண்ணில் கத்தி வைத்து, இருந்த பார்வையும் போனதைச் சின்ன வயதில் பார்த்தவள் நான். அதனால் யாரிடமும் சொல்லாமல், தடவித் தடவி, எண்ணி எண்ணி நடந்து சமாளித்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை. நீங்கள் எல்லாம் தெரிந்தே சும்மா இருந்தீர்கள். அப்படியானால் கீழே ஓடுகிற எழுத்தை வாய்விட்டுப் படித்ததும் எனக்காகத்தானா? அதற்கு ஆள் இல்லாமல் போகும் என்றுதான் எழுத்துப் பெரிதாகத் தெரிகிற டிவியாகத் தேடினீர்களா?

தனம் இன்னொன்றும் சொன்னாள். "அண்ணன் கடை மாடியிலேருந்து எறங்கறப்ப பாதிப் படியிலயே உக்காந்துட்டாரு. நெஞ்ச புடிச்சிக்கிட்டு வேர்த்து ஊத்துச்சி. 'வாயுதாம்மா, வூட்ல சொல்லிடாத'ன்னாரு. நான் சொல்லியிருக்கணுங்க்கா." அவள் அழுதாள். சண்டை போட வந்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சேலையை உருவிவிட்டு டிவியைப் போட்டேன். கட்டிலில் இருந்தபடியே கீழே ஓடிய எழுத்து தெரிந்தது. உங்கள் டிவியில் நான் படித்த முதல் வரி, உள்ளூர் கேபிள் சேனலில் ஓடிய, நாளைக்குக் காலையில் நம் தெருவில் கரண்டு இருக்காது என்கிற அறிவிப்பு. அதைப் படித்துவிட்டு அப்படி அழுதவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிமளாவிடம் கண்ணைப் பற்றிச் சொன்னேன். திட்டினாள், பிறகு பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்புரைதானாம். இடது கண்ணில் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாதம் ஆகிறது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து டிவியைப் பார்த்தால் எல்லாருக்கும் முகம் தோசை மாதிரி அகலமாக இருந்தது. கண்தான் கெட்டுவிட்டது என்று பதறிப்போனேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினார், சரியாகிவிட்டது. மாட்டிய நாளிலிருந்து படம் இழுத்தபடியேதான் இருந்ததாம். அன்றைக்கு நீங்களும் கூட இருந்து சிரித்திருக்கலாம்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கண் தெளிந்தவள் அலமாரியைத் துடைக்காமல் இருப்பாளா?

போன வாரம் மேல்தட்டில் உங்கள் மாத்திரை டப்பாவை எடுத்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு மருந்துச் சீட்டு. கடலூர் டாக்டர் ஒருவருடையது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் தமிழில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இருதய நோய் மருத்துவர். தேதி, நீங்கள் டிவி வாங்கப் போனதற்கு ஏழு மாதம் முன்னால்.

"வாயு மாத்திரை எடும்மா" என்று தினமும் கேட்பீர்கள். அந்தப் பச்சை அட்டையைத் தடவி எடுத்து, ஒன்று பிய்த்து, வெந்நீரோடு கொடுத்தது நான். என் கையாலேயே கொடுத்திருக்கிறேன், என்ன மாத்திரை என்று தெரியாமல். அதை ஒளித்துவைக்க வேண்டிய தேவைகூட உங்களுக்கு இருக்கவில்லை, இல்லையா? என் கண் முன்னாலேயே வைத்தாலும் போதும் என்று தெரிந்துதானே வைத்தீர்கள்?

தனத்தைச் சந்தேகப்பட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், சேர்ந்து டிவி பார்க்கிறோம். உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு இன்னொருத்தி இருக்கிறாளோ என்று தேடினேன். இப்போது, இன்னும் எந்த வலியை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு போனீர்கள் என்று தேடுகிறேன். வேறு சீட்டு ஏதாவது இருக்கிறதா? யாரிடமாவது வேறு எதையாவது சொல்லாதே என்று சொல்லியிருக்கிறீர்களா?

அடுத்த வாரம் வலது கண். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று பரிமளாவிடம் சொல்வேன். நெஞ்சு வலித்தால் நெஞ்சு வலி என்றுதான் சொல்வேன், வாயு என்று சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இப்படி ஒரு வாக்கை நீங்களும் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

கோபம் இன்னும் ஆறாத உங்கள் மனைவி,
பரிமளா அம்மா