யாருடைய இடது?

ஓர்லீன்,

நேற்று தொட்டிக்குக் கீழே காலால் மிதிக்கும் இரண்டு பம்புகளைப் பற்றிப் பேசியபோது இருந்தவர்கள்: நீ, பாத்திரத் தொட்டியின் முன்னால், படகின் பின்பக்கம் பார்த்து நின்றாய். உன் அண்ணன் கத்பர்ட் படியில் உட்கார்ந்திருந்தான். நான் தரையில், ஈரத் துணியோடு.

நீ சொன்னது: "இடது மிதிதான் ஒழுகுது, ஆல்பன். ஞாயித்துக்கிழமையும் தரை நனைஞ்சிருந்தா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

படகில் இடது என்றால் முகப்பைப் பார்த்து நிற்பவனின் இடதுதான். அந்த மிதியை இன்று கழற்றி, புது ரப்பர் போட்டு, திருகுகளை வரிசையாக முடுக்கினேன். அரை மணியில் தரை மறுபடி நனைந்தது. ஒன்றும் புரியவில்லை. விரலால் தொட்டு நக்கினேன், உப்பு இல்லை. ஒழுகுவது குடிநீர் பம்ப். நான் பழுது பார்த்தது கடல்நீர் பம்ப்! நீ பின்பக்கம் பார்த்து நின்றாய், உன் இடது படகின் வலது.

கத்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான்: "மச்சான், ஒன்பது வருஷமாச்சு, அவ இடது எதுன்னே தெரியாம குடும்பம் நடத்தியிருக்கியே!"

இன்னொரு ரப்பர் வாங்கக் கரைக்குப் போகிறேன். சீமைப்பலா சுட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒழுகும் மிதியில் உன் சிவப்பு நாடாவைக் கட்டியிருக்கிறேன், அதை மிதிக்காதே.

பி.கு.: நாடாவை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். இப்போதும் சந்தேகம். நீயே வந்து காலால் தொட்டுக் காட்டு.

இன்னொன்று: இதை மேசையில்தான் வைக்க நினைத்தேன். ஆனால் துறைக்கு உன்னை அழைக்க வரும் கத்பர்ட், பார்த்ததும் எல்லாவற்றையும் உளறிவிடுவான். நீ அப்படியே அக்கா வீட்டுக்கு நடந்துவிடுவாய். அதனால் நீ முதலில் இதைப் படிக்கட்டும் என்று, உறையைப் பம்புப் பசையால் ஒட்டி, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இதாவது ஒழுகாது.