கையும் முகமும் கொள்ளுகிற போன்

பஹ்ரைன்
20 செப்டம்பர் 2024

டெல்சிக்கு,

கிளீட்டஸ் எழுதுவது. மாதாவோட தயவுல நானும் நம்ம ஊர்க்காரங்களும் இங்க சொகம். நீயும் மோளும் சொகமா இருக்கணும்னு வேண்டிக்கிடுதேன்.

ஒரு காரியம். அந்தப் பெரிய போன வித்துட்டேன். ஒரு மாசமா வீடியோவுல வராதது அதனாலதான், இனியும் வரமாட்டேன். நீ வெப்ராளப்பட்டு அழுவேன்னு தெரியும். ஆனா லாஞ்சுல வந்து பாத்தாத்தான் அதோட தொல்ல தெரியும். கைலியில சொருவினா நிக்காது. சட்டப் பாக்கெட்டுல வச்சா குனிஞ்ச ஒடனே கடல எட்டிப் பாக்குது. ஈரக் கையில வழுக்குது. ஒத்தக் கையால பிடிச்சு ஒண்ணும் செய்ய முடியல்ல, ரெண்டு கையும் அதுக்கே வேணும். பயலுவ அதுக்கு முறம்னு பேரு வச்சிட்டானுவ. கிளீட்டஸே, முறத்த எடு, அரிசி பொடைக்கணும்னு ஒவ்வொரு நாளும் சிரிப்பு.

இப்ப ஒரு பட்டன் போனு வாங்கியிருக்கேன். உள்ளங்கையில அடங்குது. பேசினா ஒனக்குக் கேக்காது, அது எனக்கும் தெரியும். அதனால ஊருக்கு வாரவங்க கையில கடுதாசி குடுத்து விடுகேன். இது என் எழுத்து இல்லன்னு கண்டுபிடிச்சிருப்பே. ஐஸ் அள்ளி அள்ளி கை மரத்துக் கெடக்கு, கூட வேல பாக்குத நம்ம அல்போன்ஸ் எழுதுகான்.

மோளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கிளீட்டஸ்

மைனி, நான் அல்போன்ஸ். அண்ணன் சொன்னத அப்பிடியே எழுதியிருக்கேன். என்மேல கோவப்படாதீங்க.


குறும்பனை
9 அக்டோபர் 2024

சேசு மரி சூசை துணை

என் அன்புள்ள அத்தானுக்கு,

டெல்சி எழுதுகிறேன். நானும் ஆன்சியும் சுகம். உங்க கடிதத்தை லீவுக்கு வந்த ஏசுஅடிமை மாமா கொண்டுவந்து தந்தார். வாசித்துவிட்டு அடுப்பில் இருந்த மீனைக் கரிய விட்டேன்.

முறம் என்று சொன்ன பயல் யார்? அவன் பொண்டாட்டிக்குக் காது கேட்குமா? கேட்கும். அப்படியானால் அவன் தீப்பெட்டி அளவு போன் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு எட்டு வயசில் காய்ச்சல் வந்து காது போனது. அதற்கப்புறம் இந்த ஊரில் என்னோட கையால் பேசப் படித்த ஒரே ஆம்பிளை நீங்கதான். அதனால் போன் பெரிசு என்று ஊரெல்லாம் சொல்லட்டும், நீங்க சொல்லக் கூடாது.

கல்யாணமான முதல் வருஷம் உங்ககிட்ட இருந்த சின்ன போனை மறந்தாச்சா? கிட்ட வந்தால் முகம் இருக்கும், கை இருக்காது. தள்ளி நின்றால் ரெண்டும் வரும், ஆனால் விரல் ஒவ்வொன்றும் எறும்புக்கால் அளவு. கை மட்டும் தெரிந்தால் அது திட்டுதா, கொஞ்சுதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கேலியாகச் சொன்னதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு நான் சாப்பிடாமல் கிடந்தேனே. அதற்கப்புறம்தான் லீவில் வந்து மார்த்தாண்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கினீங்க. அண்ணா, இது பாக்கெட்டில் நிற்காதே என்று கடைக்காரப் பையன் சொன்னான். என்னைத் தூரத்தில் நிறுத்தி, பேசச் சொல்லி, என் விரல் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு போனாகப் பார்த்தது நீங்கதான். ஒரே மாதிரி ரெண்டு வாங்கியதும் நீங்கதான்.

பாக்கெட்டில் நிற்காது என்பதுதான் கஷ்டம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரி கட்டித் துணியில் ஒரு பை தைத்து இத்தோடு அனுப்புகிறேன். விற்றவனிடமே போய்த் திரும்ப வாங்குங்க. அதுவரைக்கும் அல்போன்ஸ் போனில் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுங்க. அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். நல்லா இருக்காரு மைனி என்று ஒரே வரி போடுகிறான். நீங்க நல்லா இருப்பதை அவன் எழுதி நான் வாசிக்கவா?

உங்க,
டெல்சி


பஹ்ரைன்
2 நவம்பர் 2024

டெல்சிக்கு,

பை கெடச்சு. நல்ல தையல். போனு இல்லாம பைய வச்சு என்ன செய்ய, பீடியும் தீப்பெட்டியும் போட்டிருக்கேன்.

வித்தது வித்தாச்சு. வாங்கினவன் கேரளாவுக்குப் போயிட்டான். அது இல்லாம எனக்கு இப்ப நிம்மதியா இருக்கு. அவ்வளவு வெளிச்சத்தப் பாத்துப் பாத்து கண்ணும் எரிஞ்சு. ஒரு காரியம் சொல்லுகேன் கேளு, நீயும் ஒன் போன வித்துட்டு கையகலத்துல ஒண்ணு வாங்கு. எழுத்து வாசிக்க அது போதும்.

அல்போன்ஸ் போனுல வரச் சொன்னே. வேண்டாம். அவனுக்கும் இந்தக் கடுதாசி எழுதுகதே பெரிய பாடு. பழைய ஆளுவ எல்லாம் கடுதாசி வச்சுத்தான குடும்பம் நடத்துனாங்க. அவங்களுக்குப் பிள்ள பெறக்கல்லியா? என்ன நெருக்காத டெல்சி. நெருக்கினா இதுவும் எழுதமாட்டேன்.

கிளீட்டஸ்

மைனி, நான் டிசம்பர்ல லீவுக்கு வாரேன். அல்போன்ஸ்.


குறும்பனை
24 நவம்பர் 2024

அத்தானுக்கு,

இந்தத் தடவை சுகம் எழுதவில்லை. சுகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்து, வழக்கம்போல போனை அலமாரியில் சாய்த்து வைத்து, ஆன்சியை மடியில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். நீங்க வரமாட்டீங்க என்று தெரியும். உட்காராமல் இருக்க முடியவில்லை. அப்பா எங்கே என்று பிள்ளை கையால் கேட்கிறாள். அப்பாவுக்குப் போன் பெரிசாம் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

இந்த வீட்டில் எல்லாருக்கும் வாய் இருக்கிறது. உங்க அம்மா பேசுகிறார், பக்கத்து வீட்டு ஜினிஷா பேசுகிறாள், எல்லாரும் என் முகத்துக்கு நேராக வாயைப் பெரிசாக அசைத்துச் சோறு, தண்ணி, மீன், கடை என்பார்கள். அதற்கு மேல் என்னோட பேச யாருக்கும் நேரம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, கனவு வந்தது, தையல் பிசகினது எல்லாம் நான் உங்களிடம்தான் சொன்னேன். மூன்று மாசமாக என் கைக்குள்ளேயே எல்லாம் கிடக்கிறது. துணி தைக்கும்போது என்னை அறியாமல் கை பேசுகிறது. ஜினிஷா பார்த்து மந்திரிக்கப் போகலாமா என்று கேட்கிறாள்.

நேராகக் கேட்கிறேன். அங்கே வேறொருத்தி இருக்கிறாளா? காது கேட்கிறவளா? இல்லை, என்னோடு பேசிப் பேசி அலுத்துப் போச்சா? அப்படி என்றால் அதை எழுதுங்க. அதை விட்டுவிட்டு அளவு பெரிசு, பாக்கெட்டில் நிற்காது, கண் எரிகிறது என்று எழுதாதீங்க. ஊர் என்னைப் பொட்டச் செவிடி என்று சொன்னபோது நான் அழவில்லை. இப்போ அழுகிறேன். எழுதிவிட்டேன், போதுமா?

டெல்சி


குறும்பனை
19 டிசம்பர் 2024

அத்தானுக்கு,

அல்போன்ஸ் வந்தான். பிஸ்கட்டும் சோப்பும் மேசையில் வைத்துவிட்டு உங்க அம்மா முகத்தைப் பார்த்தபடி நின்றான். நான் பேப்பரையும் பேனாவையும் அவன் முன்னால் போட்டேன். இவ்வளவு நாள் என் புருஷன் சொல்லி எழுதினாய், இப்போ நீயாக எழுது என்று எழுதிக் காட்டினேன். அவன் கண் நிறைந்துவிட்டது. எழுதினான்.

ஆகஸ்டில் கடலுக்குள் போட்ட மீன்கூட்டை இழுக்கும்போது வின்ச் எந்திரத்துக் கயிற்றில் உங்க வலது கை மாட்டியதை எழுதினான். மூன்று விரல் போனதையும், கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம் என்பதையும் எழுதினான். உங்க அம்மாவுக்கும் இது தெரியாது. அவர் அழுத சத்தத்தில் தெருவே வந்துவிட்டது என்று ஜினிஷா அப்புறம் எழுதிக் காட்டினாள்.

வலித்ததா? ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள்? சோறு யார் ஊட்டினார்கள்? அந்த நேரம் நான் இங்கே போனை வைத்துக்கொண்டு உங்களை ஏசிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆனால் என் கோபம் இன்னும் போகவில்லை. உங்களுக்குப் போனது மூன்று விரல். எனக்கு நீங்க மொத்தப் பேச்சையும் நிறுத்தினீங்க. போன் பெரிசு என்பது இதற்குத்தானா? என்னையும் சின்னது வாங்கச் சொன்னது, என்றைக்காவது நீங்க மனசு மாறி வந்தாலும் நான் கையைச் சரியாகப் பார்த்துவிடக் கூடாது என்றா? நான் வேறொருத்தி இருப்பாள் என்று நினைத்து எத்தனை ராத்திரி கிடந்தேன். இதுக்கு அவள் இருந்திருக்கலாம், அவளையாவது நான் திட்டியிருப்பேன்.

இடது கை இருக்கிறதே. மீன் அறுக்கும்போது நானும் ஒரு கையால்தான் உங்களோட பேசுவேன். அதில் எது உங்களுக்குப் புரியாமல் போச்சு? யாருடைய போனிலாவது வாங்க. எந்த அளவு போனாக இருந்தாலும் சரி.

டெல்சி


பஹ்ரைன்
15 ஜனவரி 2025

டெல்சிக்கு,

எடக்கையால எழுதுகேன். எழுத்து கோணலா இருக்கும். இந்த ஒரு கடுதாசிக்கு நாலு நாளாச்சு.

அல்போன்ஸ் சொல்லியிருக்கக் கூடாது. சரி, சொல்லிட்டான். நானும் சொல்லுகேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொதல்ல ஒன்னத்தான் கூப்பிட்டேன். வாயால இல்ல. ஒன் கன்னக்குழிய வச்சு ஒனக்கு நான் கைப்பேச்சுல வச்ச பேரு, சுட்டுவிரலும் நடுவிரலும் சேத்து கன்னத்துல ரெண்டு தட்டு. கட்டுப் போட்ட கைய கன்னத்துக்குக் கொண்டு போனேன். தட்டுகதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. எடக்கையால தட்டிப் பாத்தேன். வேற எவனோ ஒன்னக் கூப்பிடுத மாதிரி இருந்து. அப்பத்தான் போன விக்கணும்னு நெனச்சேன்.

நீ கேட்டது சரிதான். சின்னதுல ஏமாத்தலாம். பெரிசுல ஏமாத்த முடியாது, நகம் மொதல் தெரியும். அந்தப் போன நானே தேடித் தேடி வாங்கினது அதுக்குத்தான. என் கையப் பாக்குகதுக்கு. இப்ப இந்தக் கைய நானே பாக்குகது இல்ல. துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன்.

லாஞ்சுல ஏத்தமாட்டேங்கானுவ. கரையில ஷெட்டுல ஐஸ் ஒடைக்கேன். ஊருக்கு வந்தா கடக்கரையில எல்லாவனும் பாவம்னு பாப்பான். மோளு பயப்படுவா. நீயும் பயப்படுவே, காட்டிக்கிடமாட்டே. எனக்கு அத நெனச்சாலே உசிரு போவுது. என்ன இப்பிடியே விட்டுரு டெல்சி. கடுதாசியில இருக்குத புருஷனா இருந்துகிடுதேன். அதுல எனக்குப் பத்து விரலும் இருக்கு.

கிளீட்டஸ்


குறும்பனை
6 பிப்ரவரி 2025

என் அன்புள்ள அத்தானுக்கு,

அல்போன்ஸ் நாளைக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் ஒரு போன் கொடுத்து விடுகிறேன். அதே அளவு. கடைக்காரன் இப்போ இதைவிடப் பெரிசும் வந்திருக்கிறது அக்கா என்று காட்டினான். அதையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று கேட்காதீங்க.

கடிதத்தில் இருக்கிற புருஷன் எனக்கு வேண்டாம். கடிதத்தில் நீங்க கோபமாகச் சொல்லுகிறீங்களா, அழுதுகொண்டு சொல்லுகிறீங்களா என்று தெரியவில்லை. கை மட்டும் தெரிகிற சின்ன போன் மாதிரிதான் இதுவும்.

என் பேரை மாற்றியாச்சு. கட்டைவிரலை நாடியில், வாய்க்குக் கீழே, வைத்து முன்னால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். வலது கையாலேயே வரும். ஆன்சிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவள் நாள் முழுக்க அந்தப் பேரால் கூப்பிட்டு என் உயிரை வாங்குகிறாள். பழைய பேரை யாரும் இனி சொல்ல வேண்டாம், எனக்கு அது வேண்டாம்.

உங்க கையைப் பார்க்க எனக்குப் பயமில்லை என்று எழுத மாட்டேன். பயம்தான். முதல் தடவை பார்க்கும்போது அழுவேன். அழுது முடித்துவிட்டுப் பேசுவேன். அதுவரைக்கும் நீங்க போனை அணைத்துவிட்டுப் போகாமல் இருக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன். மோளும் பயப்படலாம். பிள்ளைதானே, ரெண்டு நாளில் அந்தக் கையைப் பிடித்து விளையாட எப்போ வருவீங்க என்று கேட்பாள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வந்து கூப்பிடுவேன். எடுங்க அத்தான். எனக்கு இனி தாங்க முடியாது.

உங்க,
டெல்சி


பஹ்ரைன்
17 பிப்ரவரி 2025

டெல்சிக்கு,

போனு கெடச்சு. அல்போன்ஸ் கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

ஒன் புதுப் பேர ஷெட்டுல ஆளில்லாத நேரத்துல சொல்லிப் பாத்தேன். வருது.

ஒம்பதாந்தேதி ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவல்ல. ஷெட்டுக்குப் பின்னால உக்காந்து, போன மடியில வச்சுகிட்டு இருந்தேன். பெல் அடிச்சு. ஒன் மொகம் போட்டோவா முழுசா வந்து. நான் எடுக்கல்ல. கைய துண்டுக்குள்ள வச்சுகிட்டு அது நிக்குத வரைக்கும் பாத்துகிட்டே இருந்தேன். நின்னதும் திரும்ப அடிக்காதான்னு இருந்தேன். அடிச்சு. அதையும் எடுக்கல்ல. மூணாவது அடிச்சப்ப துண்ட அவுத்துட்டேன். அதுக்குள்ள நின்னு போச்சு. அப்புறம் வரல்ல. நேத்தும் நாள் பூரா வச்சுகிட்டு இருந்தேன், வரல்ல.

நீ கோவிச்சிருப்பே. கோவப்படு. ஆனா நிறுத்திராத. நானாக் கூப்பிட எனக்கு இன்னும் தைரியம் வரல்ல. நீ கூப்பிடு. எடுக்கல்லன்னா திரும்பக் கூப்பிடு. பத்து தடவ கூப்பிட்டா ஒரு தடவ எடுத்திருவேன்.

கிளீட்டஸ்